பூசணிக்காய் உடைக்கிற கை

ஏறுங்க தம்பி, ஏறுங்க. பைய உள்ள தள்ளி வச்சுக்கங்க. ரெட்டியார்சத்திரமா? போயிருவோம். பழனி ரோட்டப் பிடிச்சுட்டா அப்புறம் தொந்தரவு இல்ல. என்ன, என்ன சொல்ல வர்றீங்க? வாடகையா? நியாயமாக் குடுங்க, போதும். இருங்க, இந்த லாரிக்காரன் மொதல்ல போய்த் தொலையட்டும்.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கேக்கணும்னா, பதில் எனக்குத் தெரியும், சும்மா கேக்குறேன். அங்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல வரிசையா பதினோரு ஆட்டோ நிக்கிது. இன்னைக்கு ஆயுத பூஜைன்னு வாழக்கன்னு கட்டி, கலர்த்தாள் ஒட்டி, கல்யாண மாப்பிள்ளைக மாதிரி நிக்கிது. அதையெல்லாம் விட்டுட்டு, ரோட்டத் தாண்டி, இந்த வெயில்ல, டிரான்ஸ்பார்மர் பக்கத்துல ஒத்தையா நிக்கிற என் வண்டிக்கு வந்து ஏறுறீங்க. ஏன்? நானே சொல்றேன். மூஞ்சி தம்பி, மூஞ்சி. பாத்த ஒடனே தெரியுதுல்ல, இவன் தலைவன்னு? அதான். அத யாரும் பெயிண்ட் அடிச்சு அழிக்க முடியாது.

நான் மாயழகு. ஆஸ்பத்திரி ஸ்டாண்டுன்னு சொன்னா திண்டுக்கல்ல பாதிப் பேரு மாயழகு ஸ்டாண்டான்னு திருப்பிக் கேப்பாங்க. போன வருசம் ஆயுத பூஜை வரைக்கும் அங்க நாந்தான் தலைவன். ஒரு வருசம் ரெண்டு வருசம் இல்ல, முடி கறுப்பா இருந்த காலத்துலருந்து. இன்னைக்கு அந்த போர்டுல என் பேரு இல்ல. மேல வேற பேரு எழுதிட்டானுக. சகாயராணி. பாத்திருப்பீங்களே, மொத வண்டி பக்கத்துல காக்கிச்சட்ட போட்டுக்கிட்டு ஒரு பொம்பள சந்தனம் கரைச்சுக்கிட்டிருந்தாளே? ஆங், அவதான். பேசினாளா உங்ககிட்ட? பேசியிருப்பா. போறவன் வர்றவன் எல்லார்கிட்டயும் பேசுவா. விடுங்க, அவ பேசினத எங்கிட்டச் சொல்லாதீங்க. எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு.

தலைவன்னா யாரு? சொல்லுங்க பாப்போம். வேணாம், நானே சொல்றேன். மொதல்ல தொண்டை. நான் ஸ்டாண்டுல நின்னு ‘டேய்’னா ஆஸ்பத்திரி மாடியில இருக்கிற நர்சம்மா எட்டிப் பாக்கும். அடுத்தது ஒடம்பு. ஆளப் பாத்தா ஒரு இது வேணும்ல? இவ என் தோளுக்குக் கூட வரமாட்டா. அப்புறம், தலைவன் வரிசையில நிக்கக் கூடாது. வரிசையில நிக்கிறதுக்கு எதுக்குத் தலைவன்? பழனி, கொடைரோடுன்னு நல்ல சவாரி வந்துச்சுன்னா நாந்தான் எடுப்பேன், ஒரு பய மூச்சு விட மாட்டான். அது மரியாதை. இப்ப என்னடான்னா பயம்கிறானுக. மரியாதைக்கும் பயத்துக்கும் வித்தியாசம் தெரியாத பயலுக.

இன்னும் ரெண்டு இருக்கு, அதுதான் முக்கியம். தலைவன் குனியக் கூடாது. தலைவன் யாரப் பாத்தும் ‘என்ன பண்ணலாம்’னு கேக்கக் கூடாது. கேட்டான்னா அன்னைக்கே அவன் கதை முடிஞ்சுபோச்சு. கயித்தக் கொஞ்சம் தளர விட்டா மாடு கூட நின்னுக்கும். இத நான் மட்டும் சொல்லல, ஊருக்குள்ள யார வேணாலும் கேளுங்க, இதைத்தான் சொல்லுவாங்க.

இவளுக்கு இது எதுவும் தெரியாது. புருசன் முதுகெலும்பு ஒடிஞ்சு படுத்துட்டான்னு அவன் வண்டிய எடுத்துக்கிட்டு வந்து நின்னா. பொம்பளையச் சேக்கலாமான்னு பயலுக மொணங்கினானுக. ‘நான் சொல்றேன், நிக்கட்டும்’னேன். ஒரே வார்த்தைதான், அதுக்கு மேல எவனும் பேசல. நான் போட்ட பிச்சை அந்த எடம். வளத்த கடா மார்ல பாஞ்சிருச்சு, தம்பி.

எப்படிப் பாஞ்சுச்சுன்னு சொல்றேன். இருங்க, ஏதோ சொல்ல வாயெடுக்குறீங்க, இத முடிச்சுக்கிறேன்.

எங்க ஸ்டாண்டுல ஆயுத பூஜைன்னா பூசணிக்காய் உடைக்கிறதுதான் பூஜையே. அவல், பொரி, சுண்டல் எல்லாம் சும்மா வாய்க்கு. எல்லா வண்டியையும் வரிசையா நிறுத்தி, வெள்ளப்பூசணி மேல சூடத்த ஏத்தி, ஒவ்வொரு வண்டிக்கும் சுத்திக் காட்டி, நடு ரோட்டுல ஓங்கி உடைக்கணும். ஓரத்துல உடைச்சா திருஷ்டி ஓரத்துலயே நின்னுக்கும். நடு ரோட்டுல செதறணும். அத யாரு உடைக்கிறது? தலைவன். உடைக்கிற கை எதுவோ அதுதான் தலைவன் கை. போர்டு, சங்கம், கூட்டம் எல்லாம் அதுக்குப் பொறவுதான்.

போன வருசமும் நாந்தான் உடைச்சேன். என்னா உடை! குங்குமமும் சதையுமா நாலு பக்கமும் தெறிச்சுச்சு. பயலுக கையத் தட்டுறானுக. அந்நேரம் பாத்து தாலுகா ஆபீசுல வேலை பாக்குற ஒரு பொண்ணு ஸ்கூட்டில வந்து, அந்தச் சதையில ஏத்தி, சறுக்கி விழுந்துருச்சு. கை எலும்பு முறிஞ்சுபோச்சுன்னு பின்னாடி சொன்னாங்க. நான் என்ன பண்ணேன்? தலைவன் பண்ண வேண்டியதப் பண்ணேன். நின்ன எடத்துலயே நின்னு, ‘ஏம்மா, பூஜை நடக்குறது கண்ணுக்குத் தெரியல? பாத்து வரமாட்ட?’ன்னு ஒரு சத்தம் போட்டேன். மொத்தக் கூட்டமும் கப்சிப். அந்தப் பொண்ணு கீழ கெடந்து அழுதுச்சு. பாவந்தான், இல்லேங்கல. ஆனா தலைவன் ‘தப்பு நடந்துபோச்சும்மா’ன்னு ஒரு தரம் சொல்லிட்டா அப்புறம் தப்பு ஸ்டாண்டு தலையில விழுந்துரும்ல? ஸ்டாண்டுக்காகத்தான் தம்பி சத்தம் போட்டேன். அத ஒரு பய புரிஞ்சுக்கல.

இந்த சகாயராணி ஓடினா. அந்தப் பொண்ணத் தோள்ல தாங்கி ஆஸ்பத்திரிக்குள்ள கூட்டிட்டுப் போனா. சரி, பொம்பளைக்குப் பொம்பள, போகட்டும்னு விட்டேன். திரும்பி வந்து என்ன பண்றா தெரியுமா? வாட்ச்மேன்கிட்ட விளக்குமாத்த வாங்கிட்டு வந்து, நடு ரோட்டுல குனிஞ்சு அந்தச் சதைய அள்ளுறா. நான் உடைச்ச பூசணிய! ஊரு ஜனம் பாக்க! அள்ளி என் மூஞ்சில அப்பியிருந்தாக் கூட எனக்கு அவ்வளவு வலிச்சிருக்காது. அப்புறம் எங்க ஸ்டாண்டுப் பய காஜாமைதீன் குனிஞ்சான். அவனப் பாத்து இன்னொருத்தன். அப்புறம் வரிசையா எல்லாப் பயலும் ரோட்டுல குனிஞ்சு அள்ளிக்கிட்டு இருக்கானுக. நான் மட்டும் நேரா நின்னேன். ஒரு ஆளாவது நேரா நிக்கணும்ல?

அடுத்த வாரம் முணுமுணுப்பு. டீக்கடையில ஒரு பேச்சு, நான் வந்தா ஒரு பேச்சு. எனக்கு இந்த ஒளிச்சு மறைச்சுப் பேசுறது பிடிக்காது. எல்லாரையும் வரச்சொல்லி நடுவுல நின்னேன். ‘மாயழகு தலைவனா இருக்க வேணாங்கிற ஆம்பள எவனாச்சும் இருந்தா கையத் தூக்குங்கடா’ன்னேன். எனக்குத் தெரியும், எவன் தூக்குவான்? முப்பது வருசமா நான் கேட்டு எவனும் தூக்கினது இல்ல. முப்பது வருசமா நான் கேட்டதும் இல்லங்கிறது வேற விசயம்.

காஜா தூக்கினான். அப்புறம் ஒண்ணு, அப்புறம் ஒண்ணு. என் சொந்த மச்சினன் மகன், நான் லைசென்சு எடுத்துக் குடுத்த பய, அவனும் தூக்கிட்டான். தலையக் குனிஞ்சுக்கிட்டே தூக்கினான், நாய். யாரு தூக்கல தெரியுமா? அவ. அவ மட்டும் கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. பாத்தீங்களா நரித்தனத்த? எல்லாத்தையும் பண்ணிட்டு, கைய மட்டும் தூக்க மாட்டாளாம். அப்புறம் காஜா எந்திரிச்சு ‘அக்கா தலைவியா இருக்கட்டும்’கிறான். அவ வேணாம் வேணாம்னு சொல்லிப் பாத்தா. நடிப்பு.

அன்னைக்கே வண்டிய எடுத்துட்டேன். ‘அண்ணே, எங்க போறீங்க, உங்க எடம் உங்களுக்குத்தாண்ணே’ன்னு பின்னாடியே ஓடி வந்தா. திரும்பிப் பாக்கல. எதுத்தாப்ல போட்டேன் வண்டிய. ஏன் அங்க? கண்ணுல பாக்கணும்ல. இது ஒரு மாசம் தாங்காது, அடிச்சுக்கிட்டுச் சாவானுக, அப்ப ‘அண்ணே வாங்கண்ணே’ன்னு வருவானுக, காரித் துப்பணும்னு காத்துக்கிட்டிருந்தேன்.

தீவாளி போச்சு, பொங்கல் போச்சு, சித்திரையும் போச்சு. ஒரு அடிதடி இல்ல. எனக்கே சந்தேகமாப் போச்சு, இது ஆட்டோ ஸ்டாண்டா மடமான்னு. மழை பேஞ்சா அங்க தண்ணி நிக்கும். நான் இருந்தப்ப முனிசிபாலிட்டிக்காரனப் போன்ல பிடிச்சு நாறடிப்பேன். தண்ணி தானா வத்தும். இவ எல்லாரையும் கூப்பிட்டு உக்காரவச்சு ‘என்ன பண்ணலாம்’னு கேக்குறா. வெக்கம் இல்லாம கேக்குறா! அப்புறம் எவனோ சொன்னான்னு ரெண்டு வண்டி மண்ணக் கொட்டி மேடாக்கிட்டா. இது தலைவி பாக்குற வேலையா? கொத்தனாரு வேலை. சவாரிக்கு அவளும் வரிசையில நிக்கிறா, கடைசி ஆளா வந்தா கடைசியில. மருந்துக் கடைக்குப் போற கெழவியக் கூட அவ முறையில வந்தா அவதான் ஏத்திட்டுப் போறா. கேவலமா இருக்கு, பாக்குறதுக்கே.

ஆனா ஒண்ணு, ஜனம் மறக்கல. இதக் கேளுங்க. நான் ஸ்டாண்டுல இல்ல, வரிசையில இல்ல, எனக்கு முறையும் இல்ல. இருந்தாலும் அங்கருந்து ரோட்டத் தாண்டி எங்கிட்ட வர்றாங்க. அவனுகளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை சவாரியோ அத்தனை எனக்கும். கூடவும் இல்ல, கொறையவும் இல்ல, அளந்து வச்ச மாதிரி. அதுலயும் ‘பெரியவரே, உங்க வண்டிலதான் போகணும்’னு கேட்டு ஏறுறாங்க. அவளுக்கு எப்படி எரியும்! எரியட்டும்.

எரியிறது பத்தாது. அதுக்குத்தான் இன்னைக்கு நாள் பாத்திருக்கேன்.

யார்கிட்டயும் சொல்லல, வீட்டுக்காரிகிட்டக் கூடச் சொல்லல. சொன்னா ‘பதினோரு குடும்பம் இருக்கு, உங்களுக்கு ஏன் இந்தப் புத்தி’ம்பா. நீங்க வெளியூரு, எறங்கிப் போயிருவீங்க, அதான் சொல்றேன். புதுசா ஒரு ட்ராபிக் எஸ்.ஐ. வந்திருக்காப்ல. மைக்கு கட்டி ஊரெல்லாம் சொல்லிட்டாப்ல, ரோட்டுல பூசணிக்காய் உடைச்சா கேசுன்னு. கெட்ட கறாரு. நானே நேராப் போயி வணக்கத்தப் போட்டேன். ‘ஆஸ்பத்திரி ஸ்டாண்டுல இன்னைக்கு அஞ்சு மணிக்கு நடு ரோட்டுல உடைப்பாங்க சார், போன வருசம் ஒரு பொண்ணு விழுந்து கை ஒடிஞ்சுருக்கு சார், பொதுமக்களுக்கு எம்புட்டு இடைஞ்சல்’னேன். அவரு சொன்னாப்ல, ‘ஒரு கேஸ் விழுந்தாப் போதும், ஆஸ்பத்திரி வாசல்லருந்து அந்த ஸ்டாண்டையே காலி பண்ணிரலாம். யாருய்யா உடைப்பா?’ன்னு. ‘யாரா இருந்தா என்ன சார், தயவு பாக்காதீங்க. பேச விட்டா மனசக் கரைச்சிருவாங்க, ஒரு வார்த்தை காதுல வாங்காதீங்க. உடைக்கிற கையப் பிடிச்சு ஜீப்புல ஏத்துங்க’ன்னு சொல்லிட்டு வந்தேன்.

அஞ்சு மணிக்கு நான் டிரான்ஸ்பார்மர் பக்கத்துல உக்காந்திருப்பேன். டீ ஒண்ணு வாங்கி வச்சுக்குவேன். அவ பூசணியத் தூக்குவா. உடைப்பா. ஜீப்பு வரும். மத்த பத்துப் பயலும் கையப் பிசைஞ்சுக்கிட்டு நிப்பானுக. அப்ப ஒருத்தனாச்சும் ரோட்டத் தாண்டி ஓடி வருவான்ல, ‘அண்ணே, என்ன பண்றது’ன்னு? வரட்டும். டீயக் குடிச்சு முடிச்சுட்டுச் சொல்லுவேன், ‘கையத் தூக்குங்கடா’ன்னு. இதுக்காகத்தான் தம்பி ஒரு வருசமா உசுரோட இருக்கேன்.

ஏன் தோளத் தட்டுறீங்க? வாந்தி வருதா? ஓரமா நிறுத்தவா? என்ன? சத்தமாச் சொல்லுங்க, இஞ்சின் சத்தத்துல கேக்கல.

யாரு? யாரு அனுப்புனா?

இருங்க, நிறுத்துறேன். இருங்க.

ம். சொல்லுங்க. நீங்க ஸ்டாண்டுக்குத்தான் போனீங்களா? மொத வண்டிக்கா? அவ, ‘இது மாயழகு அண்ணன் முறை, அங்கிட்டு நிக்கிறாரு பாருங்க, அவரு வண்டில போங்க’ன்னாளா? என் முறையா? எனக்கு ஏது முறை? நாந்தான் ஸ்டாண்டுல இல்லையே. வரிசையில என் பேரு அப்படியே இருக்குன்னு சொன்னாளா?

அப்ப மத்தவங்க? நேத்து ஒட்டன்சத்திரம் போன அந்த அம்மா? பச்சப் புள்ளையத் தூக்கிட்டு வந்த பொண்ணு? ‘பெரியவரே’ன்னு கேட்டு ஏறினவங்க எல்லாம்?

நீங்களும் மூஞ்சியப் பாத்து ஏறலையா, தம்பி?

பாத்தீங்களா. பாத்தீங்களா எம்புட்டுப் பெரிய பழின்னு! நான் வாங்கப் பாத்ததெல்லாம் ஒரு பழியா? உக்காந்த எடத்துலருந்து ஆள் மேல ஆளா அனுப்பி, ஒரு வருசமா எனக்கே தெரியாம எனக்குச் சோறு போட்டிருக்கா. நானும் மீசைய முறுக்கிக்கிட்டுத் தின்னுருக்கேன். இதுக்கு அவ செருப்பக் கழட்டி அடிச்சிருக்கலாம். அந்தப் பத்துப் பயலுக்கும் தெரிஞ்சிருக்கும். நான் இங்கிட்டுருந்து மொறைக்கிறப்ப எல்லாம் அங்கிட்டு என் முறையக் கணக்கு வச்சுக்கிட்டு இருந்திருக்கானுக.

என்ன? இன்னும் இருக்கா? இதத்தான் ஏறினதுலருந்து சொல்ல வந்தீங்களா? சொல்லித் தொலைய வேண்டியதுதானே! சரி, கோவிச்சுக்காதீங்க. சொல்லுங்க.

அஞ்சு மணிக்குள்ள வந்துரணுமா. யாரு? நானா? எதுக்கு?

என் கையாலயா?

எல்லாரும் சேந்து சொன்னாங்களா? அவ ‘இந்த வருசம் யாரு உடைக்கலாம்’னு கேட்டாளாம், அவனுக மாயழகு அண்ணந்தான்னு சொன்னானுகளா? மச்சினன் மகனுமா? நாலு நாளா போன் பண்றானாம், நான் எடுக்கலையாம். ஆமா, எடுக்கல. எதுக்கு எடுக்கணும்? நான் வரலேன்னா? வர்ற வரைக்கும் காத்திருப்பாங்களா? வேற கை உடைக்காதா?

இருங்க தம்பி. ஒரு நிமிசம். போன் எங்க வச்சேன்? இந்தா இருக்கு.

சார், வணக்கம் சார், மாயழகு பேசுறேன் சார். ஆமா சார், ஆஸ்பத்திரி ஸ்டாண்டு. இல்ல சார், அத ஞாபகப்படுத்த இல்ல, அதுல ஒரு சின்ன விசயம் சார், இன்னைக்கு வேணாம்னு... இல்ல சார், எவனும் மெரட்டல சார். கரைக்கல சார், நானேதான் சொல்றேன். சார், நான் என்ன சொல்ல வர்றேன்னா, உடைக்கிறது வந்து... சார், இருங்க சார், நான் சொல்றதக் கொஞ்சம்... சார்...

வச்சுட்டாரு. ‘நீங்க கவலப்படாதீங்க பெரியவரே, சொன்னபடி உடைக்கிற கையப் பிடிச்சிருவேன்’கிறாரு. சொல்ல வர்றதக் காதுலயே வாங்க மாட்டேங்கிறாரு தம்பி. என்ன மனுசன்!

போனா ஜீப்பு. அதுவும் போகட்டும், நான் பாக்காத ஜீப்பா. ஆனா கேசு விழுந்தா ஸ்டாண்டே போயிருமே. என் பேரு இருக்கிற வரிசையும் சேத்துப் போயிரும். போகலேன்னா, பூசணியையும் சூடத்தையும் வச்சுக்கிட்டு இருட்டுற வரைக்கும் அங்கயே நிப்பானுக. அவ நிப்பா. அவ எப்படிப்பட்டவன்னு எனக்குத் தெரியும். ஓரமா சாக்க விரிச்சு உடைச்சா ‘மாயழகு போலீசுக்குப் பயந்துட்டான்’பானுக. அப்புறம் அத யாரு குனிஞ்சு அள்ளுறது? உள்ளதப் போயிச் சொல்லிரலாம்னா, எந்த வாயால சொல்றது? அவ கேட்டுட்டு ஒண்ணும் சொல்ல மாட்டா. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

மணி நாலாகப் போகுது. ரெட்டியார்சத்திரம் இன்னும் கொஞ்ச தூரந்தான். உங்கள எறக்கிவிட்டுட்டுத் திரும்பினா அஞ்சுக்குச் சரியா இருக்கும்.

தம்பி.

கொஞ்சம் இப்படித் திரும்புங்க. என் மூஞ்சியப் பாக்காதீங்க, ரோட்டப் பாத்துக்கிட்டே சொல்லுங்க, பரவால்ல. நெசமாத்தான் கேக்குறேன்.

என்ன பண்ணலாம்?